யாருடைய மௌனம் சம்மதம்? சர்வதேசச் சட்ட ஆணைய உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐக்கிய நாடுகள் சர்வதேசச் சட்ட ஆணையத்தின் 34 உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நாடுகளின் வழக்கத்திலிருந்து பிறக்கும் எழுதப்படாத வழக்காற்றுச் சட்டத்தை எப்படி அடையாளம் காண்பது என்று, சர்வதேசச் சட்டத்தைத் தொகுத்து எழுதும் உங்கள் ஆணையம் 2018இல் 16 முடிவுகளை எழுதி முடித்து பொதுச் சபைக்கு அனுப்பியது. அதில் பத்தாவது முடிவின் மூன்றாம் பத்தி மிகச் சிறியது. ஒரு நாடு செய்வதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு நாடு நெடுங்காலம் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அந்த மௌனத்தையே அது சட்டமென ஏற்றுக்கொண்டதற்குச் சான்றாகக் கொள்ளலாம் என்கிறது அந்தப் பத்தி. இரண்டு நிபந்தனைகளும் போட்டிருக்கிறீர்கள். எதிர்வினை காட்டக்கூடிய நிலையில் அந்த நாடு இருந்திருக்க வேண்டும், எதிர்வினை காட்ட வேண்டிய சூழலும் இருந்திருக்க வேண்டும்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று வீட்டுப் பேச்சில் சொல்லிவிட்டுப் போகலாம். 193 நாடுகளைக் கட்டும் சட்டத்துக்கு அது போதுமா என்பதே என் கேள்வி. சர்வதேசச் சட்டத்தின் மூலங்கள் என்று நாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பட்டியல் முழுவதிலும் இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. யார் பேசியது பேச்சாகக் கணக்கில் வந்தது, யார் வாயடைத்து நின்றது சம்மதமாக எழுதப்பட்டது, யார் உரக்கக் கத்தியும் காதில் விழவில்லை என்று பார்த்துக்கொண்டே போனால் அந்தப் பட்டியலின் நடுநிலை கலைந்துபோகிறது. உங்களுக்குத் தெரிந்த வழக்குகளை உங்களுக்கே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இது திறந்த மடல், ஓரமாக நின்று படிப்பவர்களும் உண்டு.

பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1920 கோடையில் ஹேக் நகரில் 10 சட்ட அறிஞர்கள் கூடி, அமையவிருந்த நிரந்தர சர்வதேச நீதிமன்றத்துக்குச் சாசனம் எழுதினார்கள். பெல்ஜியத்தின் தெகாம், அமெரிக்காவின் எலிஹு ரூட், பிரிட்டனின் ஃபில்லிமோர் பிரபு, பிரான்சின் லாப்ரதெல் போன்றவர்கள். ஆசியாவிலிருந்து ஜப்பானின் அதாச்சி மட்டும். லத்தீன் அமெரிக்காவிலிருந்து பிரேசிலின் பெர்னாந்தெஸ் மட்டும். ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவரும் இல்லை, பெண் ஒருவரும் இல்லை. உடன்படிக்கைகள், வழக்காறு, 'நாகரிக நாடுகள் ஏற்ற பொதுச் சட்ட நெறிகள்', துணைக்கு நீதிமன்றத் தீர்ப்புகளும் அறிஞர்களின் எழுத்துகளும் என்ற வரிசை அந்த மேசையில் உருவானது. 1945இல் பெரும் மாற்றம் ஏதுமின்றி இன்றைய சர்வதேச நீதிமன்றச் சாசனத்தின் 38ஆம் பிரிவாக அது அப்படியே இடம்மாறியது. அப்போது ஐ.நா.வின் நிறுவன உறுப்பினர்கள் 51 பேர். மீதி உலகத்தின் பெரும்பகுதி வேறு யாருடைய கொடியின் கீழோ இருந்தது.

'நாகரிக நாடுகள்' என்ற சொல்லாட்சியைத் திட்டுவது எளிது. 1969இலேயே நீதிபதி ஃபுவாத் அம்மூன் வடகடல் வழக்கில் (ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்து இடையிலான கடலடி எல்லைத் தகராறு) தீர்ப்போடு சேர்த்து எழுதிய தன் தனிக் கருத்தில் அதைச் சாடினார். 2023இல் முதல் வாசிப்பில் ஏற்ற வரைவில் நீங்களும் அதைக் கைவிட்டு 'நாடுகளின் சமூகம்' என்று எழுதிவிட்டீர்கள். நல்லது. ஆனால் அந்தச் சொல் அடித்தளத்தில் செய்த வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதைக் காட்ட ஒரு கதை போதும்.

1939இல் அபுதாபி ஷேக், ஓர் எண்ணெய் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தார். பிறகு கடலடித் தரையும் அந்த உரிமத்தில் சேருமா என்று தகராறு வந்தது. 1951இல் பிரிட்டனின் அஸ்குவித் பிரபு நடுவராக அமர்ந்தார். ஏதாவது ஒரு நாட்டின் சட்டம் பொருந்த வேண்டுமென்றால் அது அபுதாபியின் சட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு, இவ்வளவு பின்தங்கிய ஒரு பிரதேசத்தில் நவீன வணிக ஆவணங்களைப் பொருள்கொள்ள நிலைபெற்ற சட்ட நெறிகள் இருக்கும் என்று எண்ணுவதே கற்பனை என்று தள்ளிவிட்டார். பதிலுக்கு நாகரிக நாடுகளின் பொது அறிவிலும் நடைமுறையிலும் வேரூன்றிய நெறிகள் என்று எதை எடுத்தார்? பெரும்பாலும் ஆங்கிலச் சட்டத்தில் தனக்குப் பழகியதை. இஸ்லாமியச் சட்ட மரபில் ஒப்பந்தம் பற்றி நூற்றாண்டுகளாக எழுதிக் குவித்தவை அவர் கண்ணில் சட்டமாகப் படவே இல்லை. கரையோரக் கடலுக்கு அப்பாலுள்ள கடலடித் தரை விஷயத்தில் கடைசியில் ஷேக்குக்கே சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆனால் வெற்றி தோல்வியைப் பற்றி நான் பேசவில்லை. அங்கே சட்டமே இல்லை என்று ஒரே வாக்கியத்தில் ஒருவர் சொல்லிவிட முடிந்ததே, அதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அதே தீர்ப்பில் அஸ்குவித் இன்னொன்றும் சொன்னார். கண்டத்திட்டு என்ற கோட்பாடு இன்னும் உறுதியான சட்ட விதியாகக் கெட்டிப்படவில்லை என்றார். அந்தக் கோட்பாட்டின் தொடக்கம் 1945 செப்டம்பர் 28. தன் கரையை ஒட்டிய கடலடித் தரையும் அதிலுள்ள வளங்களும் அமெரிக்காவுக்கே என்று ஜனாதிபதி ட்ரூமன் ஒரு பிரகடனம் வெளியிட்டார். யாரையும் கேட்கவில்லை, எந்த மாநாடும் கூட்டவில்லை. மற்ற பெரிய நாடுகள் அதை எதிர்க்கவும் இல்லை. 1951இல் கெட்டிப்படாத அந்தக் கோட்பாடு 1958 ஜெனீவா மாநாட்டில் உடன்படிக்கையாகிவிட்டது. 1969இல் ஹேக் நீதிமன்றம் வடகடல் வழக்கில் ட்ரூமன் பிரகடனத்தை இந்தத் துறைச் சட்டத்தின் தொடக்கப் புள்ளி என்றே குறிப்பிட்டது. ஒரு நாட்டின் ஒருதலைப்பட்ச அறிவிப்பு, பதின்மூன்று ஆண்டுகளில் சட்டம்.

இப்போது தெற்கே வாருங்கள். 1947இல் சிலியும் பெருவும், ட்ரூமன் பிரகடனத்தையே முன்மாதிரியாகக் காட்டி, 200 கடல் மைல் வரை உரிமை கோரின. 1952 ஆகஸ்ட் 18இல் எக்குவடோரும் சேர்ந்து மூன்று நாடுகளும் சாந்தியாகோ பிரகடனத்தில் கையெழுத்திட்டன. இந்த முறை மௌனம் இல்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் எதிர்ப்புக் குறிப்புகள் அனுப்பின. எக்குவடோரும் பெருவும் அமெரிக்கச் சூரை மீன்பிடிப் படகுகளைப் பிடித்து அபராதம் விதித்தன. 1954இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றி, அந்த அபராதத் தொகையைப் படகுக்காரர்களுக்குத் தன் கருவூலத்திலிருந்தே திருப்பிக் கொடுத்தது. 1982 கடல் சட்ட உடன்படிக்கையில் 200 கடல் மைல் தனிப்பொருளாதார மண்டலம் (மீன் உட்பட வளங்கள் கரை நாட்டுக்கே உரிய கடற்பகுதி) என்று எழுதப்பட்டபோது முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. அந்த உடன்படிக்கையில் சேராத அமெரிக்கா, 1983இல் தனக்கும் 200 மைல் மண்டலத்தைப் பிரகடனம் செய்துகொண்டது. 1985இல் லிபியா – மால்டா வழக்கில் அது வழக்காற்றுச் சட்டமாகிவிட்டது என்று நீதிமன்றம் சொன்னது.

இரண்டும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்வீர்கள். ட்ரூமன் கடலடித் தரையை மட்டும் கேட்டார், மேலே உள்ள தண்ணீர் எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கும் என்றார், தென்னமெரிக்கர்கள் தண்ணீரையும் மீனையும் சேர்த்துக் கேட்டார்கள். உண்மைதான். தண்ணீரைத் தொட்டால் பிறருடைய மீன்பிடியும் கப்பல் போக்குவரத்தும் பாதிக்கப்படும் என்பதும் உண்மை. ஆனால் கடலுக்கடியில் எண்ணெய் தோண்டும் தொழில்நுட்பம் அன்று யாரிடம் இருந்ததோ அவர்களுக்குத் தரை முக்கியமாக இருந்தது. தொலைதூரக் கப்பல்கள் வந்து தங்கள் கரையோர மீனை அள்ளிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தண்ணீர் முக்கியமாக இருந்தது. முதலாவது தேவை சட்டத்தை உருவாக்கிய நடைமுறை என்று பாடமானது, இரண்டாவது பல ஆண்டுகள் வரை சட்டமீறல் என்று பெயர் வாங்கியது. நடைமுறை, அதைச் சட்டமென ஏற்கும் மனநிலை என்று வழக்காற்றுக்கு இரண்டு கூறுகளைச் சொல்லிக்கொடுக்கிறோம். மூன்றாவது கூறு ஒன்றை யாரும் எழுதுவதில்லை. எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டு காத்திருக்கும் பலம்.

வழக்காறு வேண்டாம், எழுத்தில் வந்த உடன்படிக்கையாவது நேர்மையான மூலம்தானே என்று கேட்பவர்களை ஆப்பிரிக்காவின் பக்காசி தீபகற்ப வழக்குக்கு அழைத்துச் செல்வேன். கேமரூனும் நைஜீரியாவும் அந்தத் தீபகற்பத்துக்குச் சண்டையிட்டு ஹேக் வந்தன. 1884 செப்டம்பர் 10இல் இன்றைய நைஜீரியாவிலுள்ள பழைய கலபாரின் அரசர்களும் தலைவர்களும் பிரிட்டனோடு ஓர் உடன்படிக்கை செய்திருந்தார்கள். மகாராணி அவர்களுக்குப் பாதுகாப்பு அளிப்பார். அவர்கள் பிரிட்டனின் அனுமதியின்றி வேறு எந்த அந்நிய நாட்டோடும் உடன்பாடு செய்ய மாட்டார்கள். நிலத்தைக் கொடுத்ததாக அதில் இல்லை. ஆனால் 1913இல் பிரிட்டன், அன்று கேமரூனை ஆண்ட ஜெர்மனியோடு எல்லை ஒப்பந்தம் செய்தபோது பக்காசி ஜெர்மன் பக்கம் போனது. பாதுகாக்கிறேன் என்று வந்தவனுக்கு, தனக்குச் சொந்தமில்லாததை எடுத்துக் கொடுக்க என்ன உரிமை என்று நைஜீரியா கேட்டது.

2002 அக்டோபர் 10இல் வந்த தீர்ப்பு, 1884 ஆவணம் அரசுகளுக்கு இடையிலான பாதுகாப்பு உடன்படிக்கை என்ற தகுதியைப் பெறாது என்றது. அதற்குத் துணையாக 1928இல் பால்மாஸ் தீவு வழக்கில் நடுவர் மாக்ஸ் ஹூபர் எழுதியதை எடுத்துப் போட்டது. இத்தகையது சமமானவர்களுக்கு இடையிலான உடன்பாடு அன்று, காலனிப் பகுதி ஒன்றின் உள் நிர்வாக ஏற்பாட்டின் ஒரு வடிவம் என்ற வரி அது. 1913இல் எல்லையைத் தீர்மானிக்கும் நிலையில் பிரிட்டன் இருந்தது என்று நீதிமன்றம் முடித்தது. நீதிபதி அல்-கசாவ்னே தன் தனிக் கருத்தில் இந்தத் தர்க்கத்தைக் கடுமையாகக் கேள்வி கேட்டார்.

இரண்டு அரசுகளுக்கு இடையிலான எல்லையை அமைதியாகத் தீர்க்க வேண்டிய கட்டாயம் நீதிமன்றத்துக்கு இருந்தது, புரிகிறது. முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தக் காகிதத்தைப் பாருங்கள். வேற்று ஐரோப்பியர்களை விலக்கி வைக்கத் தேவைப்பட்ட நாளில் அது உடன்படிக்கை. தலைப்பிலேயே அப்படித்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டவர்களின் வழிவந்தவர்கள் அதை நீட்டியபோது அது உள் நிர்வாகம். உடன்படிக்கை என்ற மூலத்துக்குள் நுழைய ஓர் அரசாக இருக்க வேண்டும், அரசா இல்லையா என்பதை எதிர்த்தரப்பு தீர்மானிக்கும் என்றால், எழுத்தும் கையெழுத்தும் எதற்கு?

வற்புறுத்திப் பெற்ற உடன்படிக்கை செல்லாது என்று 1969 வியன்னா உடன்படிக்கையின் 52ஆம் பிரிவு சொல்கிறது. ஆயுதபலம் என்றால் மட்டும். பொருளாதார, அரசியல் நெருக்குதலையும் சேருங்கள் என்று 19 நாடுகள் திருத்தம் கொண்டுவந்தன. சேர்த்தால் மாநாடே முறியும் என்ற நிலை. கடைசியில் அது இறுதி ஆவணத்தோடு இணைத்த ஒரு பிரகடனமாக ஒதுக்கப்பட்டது. கண்டனம் உண்டு, விளைவு இல்லை. கடனுக்கும் உதவித்தொகைக்கும் கையேந்தி நிற்கும் அரசு கையெழுத்திடும்போது அதன் சம்மதத்தை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

சரி, எண்ணிக்கை பலம் உள்ளவர்கள் எண்ணிக்கையைப் பயன்படுத்தினார்கள். 1960இல் மட்டும் 17 நாடுகள் ஐ.நா.வில் சேர்ந்தன, அதில் 16 ஆப்பிரிக்க நாடுகள். பொதுச் சபை அவர்களுக்குக் கிடைத்த ஒரே பெரிய மேடை. 1974இல் நாடுகளின் பொருளாதார உரிமைகள், கடமைகள் சாசனம் 120 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்தவை 6, ஒதுங்கியவை 10. அந்நிய நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினால் இழப்பீட்டை உள்நாட்டுச் சட்டப்படி தீர்மானிக்கலாம் என்பது அதன் சாரம். 1977இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனமான டெக்சாகோவுக்கும் லிபியாவுக்குமான வழக்கில் நடுவர் ரெனே-ஷான் துப்புய் அதைச் சட்டமாக ஏற்க மறுத்தார். இயற்கை வளங்கள் மீதான இறையாண்மை பற்றிய 1962இன் 1803ஆம் தீர்மானத்தை மட்டும் வழக்காற்றைப் பிரதிபலிப்பதாக எடுத்துக்கொண்டார். காரணம், முதலாளித்துவத் தொழில்வள நாடுகள் 1962 தீர்மானத்தை ஆதரித்தன, 1974 சாசனத்தை எதிர்த்தன. 120 பேர் பேசியது பேச்சில்லை, 6 பேர் மறுத்தது தடை. இதைப் படிக்கும்போது முதல் தடவை யாருக்கும் கொஞ்சம் சிரிப்பு வரும்.

தீர்மானத்துக்குக் கை தூக்குவது மலிவு, அதனால் எந்தப் பொறுப்பும் வராது என்று தெரிந்துதான் தூக்குகிறார்கள் என்பது வழக்கமான பதில். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் எழுதும் கடிதமும் ஓர் இராணுவக் கையேடும் மலிவில்லையா? அவற்றை நீங்கள் நடைமுறையாக எண்ணுகிறீர்களே. தவிர, தேவைப்படும்போது நீதிமன்றம் தீர்மானங்களை ஏற்கத்தான் செய்கிறது. காலனிகளுக்கு விடுதலை தரக் கோரி 1960 டிசம்பர் 14இல் நிறைவேறிய 1514ஆம் தீர்மானத்துக்கு ஆதரவு 89, ஒதுங்கியவை 9, எதிர்த்தது எதுவும் இல்லை. ஒதுங்கியவற்றில் காலனி வைத்திருந்த பிரிட்டனும் பிரான்சும் போர்த்துகலும் உண்டு. சாகோஸ் தீவுகள் பற்றி 2019இல் தந்த ஆலோசனைக் கருத்தில் நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தைச் சுயநிர்ணய உரிமையை எடுத்துரைக்கும் ஆவணமாக ஏற்றது. 1965இல் பிரிட்டன் மொரீஷியஸிலிருந்து அந்தத் தீவுகளைப் பிரித்தது சட்டவிரோதம் என்பதற்கு அதுவே தூண். ஆகவே வழி அடைபட்டிருக்கவில்லை. அதைத் திறப்பதும் மூடுவதும் யார் கையில் என்பதுதான் பிரச்சினை.

இன்னொரு சாவி 'சிறப்பாகப் பாதிக்கப்படும் நாடுகள்' என்ற தொடர். 1969 வடகடல் தீர்ப்பில் வந்தது. ஒரு விதி வழக்காறாக மாற, அதனால் சிறப்பாகப் பாதிக்கப்படும் நாடுகளின் பங்கேற்பும் வேண்டும் என்றது நீதிமன்றம். 2005இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு போர்க்காலச் சட்டத்தில் வழக்காறாக உள்ளவை என 161 விதிகளைத் தொகுத்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க வெளியுறவுத் துறையின், பாதுகாப்புத் துறையின் சட்ட அதிகாரிகள் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். அதில் ஒரு வாதம், ஆயுதப் போர்களில் நீண்ட, விரிவான அனுபவம் உள்ள நாடுகளின் நடைமுறைக்குக் கூடுதல் எடை தரவில்லை என்பது. குண்டு போட்ட அனுபவம் கூடுதல் எடை பெறும் என்றால், குண்டு விழுந்த அனுபவத்துக்கு என்ன எடை? பாதிக்கப்படுவது என்ற சொல்லின் சாதாரணப் பொருளுக்கு எது அருகில் இருக்கிறது? இந்தத் தொடர் நாடுகளின் ஒப்பீட்டு பலத்தைக் குறிப்பதாகக் கொள்ளக் கூடாது என்று எட்டாவது முடிவுக்கான உங்கள் விளக்கவுரையில் எழுதினீர்கள். அந்த வரிக்கு நன்றி. அது விளக்கவுரையில் அல்ல, முடிவின் வாசகத்திலேயே இருந்திருக்க வேண்டும். விளக்கவுரையைப் பிரித்துப் பார்க்கும் நீதிபதிகள் எத்தனை பேர் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பாதிக்கப்படுபவர்கள் உண்மையிலேயே பேச ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதை அண்மையில் பார்த்தோம். பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019இல் தொடங்கிய முயற்சியை வனுவாட்டு அரசு கையிலெடுத்து, 2023 மார்ச்சில் பொதுச் சபை வழியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2024 டிசம்பரில் வாய்மொழி விசாரணை நடந்தது. ஹேக் மேடையில் பேசியே பழகாத சிறு நாடுகள் வரிசையாக வந்து வாதிட்டன. பருவநிலை உடன்படிக்கைகளோடு எங்கள் கடமை முடிந்தது, அதற்கப்பால் வழக்காறு எதுவும் எங்களைத் தொடாது என்று பெரிய உமிழ்வாளர்கள் சிலர் சொன்னதை 2025 ஜூலை 23இல் நீதிமன்றம் ஒருமனதாக நிராகரித்தது. பிறருக்குக் கணிசமான தீங்கு வராமல் தடுக்கும் கடமை வழக்காற்றிலும் உண்டு என்றது. இதை வெற்றி என்று கொண்டாடுபவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன், ஒரு முணுமுணுப்போடு. அந்த விசாரணைக்கு வர அந்த நாடுகளுக்குத் தேவைப்பட்ட வழக்கறிஞர்களும் பணமும் ஒவ்வொரு முறையும் கிடைக்காது.

இங்கிருந்து மீண்டும் உங்கள் பத்தாவது முடிவுக்கு வருகிறேன். 'எதிர்வினை காட்டக்கூடிய நிலையில்' என்ற நிபந்தனை எதைக் கேட்கிறது? செய்தி தெரிந்திருந்ததா என்பதை. தெரிந்தும் எழுத ஆள் இருந்ததா என்பதை அது கேட்பதில்லை. சின்ன வெளியுறவு அமைச்சகம் ஒன்றின் சட்டப் பிரிவை நினைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று பேர். உடன்படிக்கைகளைச் சரிபார்ப்பதும் எல்லைக் கோப்புகளும் வணிகத் தாவாவும் அமைச்சரின் பதிலுரையும் அவர்கள் மேசையில்தான். நியூயார்க்கில் உங்கள் அறிக்கையைப் பொதுச் சபையின் சட்டக் குழுவான ஆறாவது குழு விவாதிக்கும் வாரத்தில், அந்த நாட்டின் ஒரே சட்டப் பிரதிநிதி அதே நேரத்தில் இன்னும் இரண்டு கூட்டங்களில் இருக்க வேண்டும். வல்லரசு ஒன்று தற்காப்பு உரிமைக்குப் புதிய விளக்கம் சொல்லிப் பாதுகாப்பு மன்றத்துக்குக் கடிதம் அனுப்புகிறது. அந்தச் சின்ன அமைச்சகம் அதை எதிர்த்து எழுதலாம். எழுதினால் அடுத்த மாதம் வரவேண்டிய கடன் பேச்சுவார்த்தையில் அதன் நிழல் விழும். எழுதாமல் விடுகிறது. இருபது ஆண்டு கழித்து ஒரு பாடநூல், பரவலான எதிர்ப்பு எழவில்லை என்று அடிக்குறிப்பு போடுகிறது.

அரசுகளிடம் நீங்கள் கேட்கும் எழுத்துவழிக் கருத்துகளிலும் இதே கதைதான். வந்து சேரும் பதில்களில் ஐரோப்பிய, மேற்கத்திய அரசுகளின் பங்கு மற்றக் கண்டங்களைவிட எவ்வளவு அதிகம் என்று உங்கள் ஆவணங்களே சொல்லும். தங்கள் நடைமுறையை ஆண்டுதோறும் தொகுத்து அச்சிடும் நாடுகளும் பெரும்பாலும் அவையே. மற்ற நாடுகளுக்கு நடைமுறை இல்லை என்பதில்லை. அது நாடாளுமன்ற விவாதங்களிலும் உள்ளூர்த் தீர்ப்புகளிலும், பல நேரம் ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளுக்கு வெளியே கிடக்கிறது. ஹேக் நீதிமன்றமோ இரண்டே மொழிகளில் இயங்குகிறது. வழக்காற்றுச் சான்றுகளை எளிதில் கிடைக்கச் செய்யும் வழிகளை ஆராய்வது உங்கள் சொந்தச் சாசனத்தின் 24ஆம் பிரிவு தரும் வேலை.

மௌனம் ஒரு பக்கம் சம்மதமாகிறது. மறுபக்கம், தொடர்ந்து எதிர்த்தவருக்கு விலக்கு உண்டு என்கிறது பதினைந்தாவது முடிவு. விதி உருவாகும்போதே தெளிவாக எதிர்த்து, விடாமல் எதிர்த்துவந்தால் அது அந்த நாட்டைக் கட்டாது. 1951இல் பிரிட்டனோடு நடந்த மீன்பிடி வழக்கில் நார்வேக்குக் கிடைத்த சலுகை இது. விதிகளை எழுதி முடித்த பிறகு மைதானத்துக்குள் விடப்பட்டவருக்கு இந்தச் சலுகையால் என்ன பயன்? 1960இல் விடுதலையான நாடு, 1890இல் உருவான விதியை 1890இல் எதிர்த்திருக்க வேண்டும். அப்போது அதன் சார்பில் பேசியது அதை ஆண்ட நாடே. பழைய விதிகள் எல்லாவற்றையும் புதிய நாடுகள் கழற்றி எறியலாம் என்று நான் வாதிடவில்லை. தூதரகப் பாதுகாப்பு போன்றவை அவற்றுக்கே தேவை. ஆனால் காலனிக் காலத்தில் உருவான ஒரு விதியை ஒரு நாடு சுதந்திரம் பெற்ற நாளிலிருந்தே எதிர்த்துவந்திருந்தால், அந்த எதிர்ப்புக்கு எடை என்ன என்பது குறித்து உங்கள் முடிவுகள் பேசாமல் இருக்கின்றன. உங்கள் மௌனத்தை எப்படி எடுத்துக்கொள்வது?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தெற்குலக அரசு பேசினால் அங்குள்ள மக்கள் பேசிவிட்டதாக ஆகாது. 1974இல் கை தூக்கியவர்களில் தன் குடிமக்களை வாயடைத்து வைத்திருந்த ஆட்சிகள் ஏராளம். இறையாண்மை என்ற கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று வாதிடுபவர்கள் இன்றும் உண்டு. பழங்குடி மக்கள் தங்கள் நிலம் பற்றிப் பேசும்போது, டெல்லியானாலும் பிரசிலியாவானாலும் கான்பெராவானாலும் தலைநகரம் பழைய ஹூபரின் குரலில்தான் பதில் சொல்கிறது. அரசுகளின் நடைமுறை மட்டுமே நடைமுறை என்ற விதி இவர்கள் எல்லோருக்கும் வசதி. ஆகவே அரசுகளின் கணக்கைச் சமன்செய்தால் மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. அதுகூட நடக்கவில்லை என்பதே இந்த மடலின் புகார்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்வதற்குக் காரணம், 38ஆம் பிரிவில் பெயர் இல்லாமலே நீங்களும் ஒரு மூலமாகிவிட்டீர்கள். அரசுப் பொறுப்பு பற்றி 2001இல் நீங்கள் எழுதிய பிரிவுகள் இன்றுவரை உடன்படிக்கையாகவில்லை. ஆனாலும் நடுவர் மன்றங்களும் நீதிமன்றங்களும் அதைச் சட்டம்போல் மேற்கோள் காட்டுகின்றன. வரைவாக இருந்த காலத்திலேயே, 1997இல், ஹங்கேரி – ஸ்லோவாக்கியா இடையிலான டான்யூப் அணை வழக்கில் ஹேக் நீதிமன்றம் அதைச் சார்ந்தது. அதே வழக்கில் நீதிபதி வீரமந்திரி தன் தனிக் கருத்தில் இலங்கையின் பழைய ஏரிப் பாசன மரபை எடுத்துக்காட்டி, வளர்ச்சியையும் இயற்கையையும் இணைக்கும் நெறி புதிதல்ல என்று எழுதினார். எவ்வளவு அழகான பக்கங்கள். ஆனால் உங்கள் வரைவு தீர்ப்பின் உடலில் இருக்கிறது, ஏரிகள் தனிக் கருத்தில் இருக்கின்றன. அம்மூனும் தனிக் கருத்தில், அல்-கசாவ்னேயும் தனிக் கருத்தில்.

உங்கள் மேசையும் யாருக்கெல்லாம் இடம் தந்தது என்று பாருங்கள். 1947இல் தோன்றிய ஆணையத்துக்கு முதல் பெண்கள் தேர்வானது 2001இல்தான். 2021 தேர்தலில் 34 இடங்களில் ஐந்து.

2022 முதல் உங்கள் நிகழ்ச்சிநிரலில் உள்ள, தீர்ப்புகளும் அறிஞர் எழுத்துகளுமாகிய துணை வழிமுறைகள் பற்றிய பணி, சியரா லியோனின் சார்ல்ஸ் ஜல்லோ சிறப்பு அறிக்கையாளராக இருப்பது, ஒரு வாய்ப்பு. தீர்ப்புகள் என்று சொல்லும்போது எந்த நாட்டு நீதிமன்றங்களின் தீர்ப்புகள், அறிஞர்கள் என்று சொல்லும்போது எந்த மொழியில் எழுதுபவர்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 'பல்வேறு நாடுகளின்' என்று 38ஆம் பிரிவிலேயே இருக்கிறது, அதைச் சம்பிரதாயமாக விடாதீர்கள். உங்கள் அறிக்கைகளின் அடிக்குறிப்புகளில் எந்த நாட்டு மூலங்கள் எவ்வளவு என்று நீங்களே எண்ணி ஆண்டறிக்கையில் வெளியிடுங்கள். வெட்கமாக இருந்தால் அதுவும் நல்லதுதான்.

பத்தாவது முடிவைத் திரும்பத் திறப்பது கடினம் என்பது தெரியும். ஆனால் இனி நீங்கள் எழுதும் எந்த விளக்கவுரையிலும் மௌனத்தைச் சான்றாகச் சொல்லும் இடத்தில் மூன்று கேள்விகளைச் சேர்க்க முடியும். அந்த நாட்டுக்கு அந்த நடைமுறை உண்மையில் அறிவிக்கப்பட்டதா? எழுத அதற்கு ஆளும் அவகாசமும் இருந்தனவா? எழுதியிருந்தால் அதற்கு என்ன விலை கொடுத்திருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத மௌனத்தை எந்தப் பக்கமும் எண்ண வேண்டாம். ஜெனீவாவில் அடுத்து நீங்கள் கூடும்போது இதை ஒரு உறுப்பினராவது விவாதத்தில் எழுப்பிப் பதிவில் ஏற்றுவார் என்று எதிர்பார்க்கிறேன்.

மரியாதையுடன்,
சர்வதேசச் சட்டம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்